தாய்மாமன் அனுப்பும் அரசியல் ஃபார்வர்டுகளுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி சுருக்கமாக இது: தாய்மாமன், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் விடிவதற்குள் நாலைந்து அரசியல் ஃபார்வர்டு போட்டுவிடுகிறார். கேட்டவருடைய அரசியல் அதற்கு நேரெதிர். ஒருமுறை குரூப்பிலேயே மறுத்து எழுதப்போய், மாமா முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். குரூப் அட்மினான அம்மா, "உனக்கு எதுக்குடா இந்த வேலை" என்று மகனைத்தான் கடிந்துகொண்டார். பதில் சொல்வதா, மியூட்டில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதா?

பத்திரிகையில் துணையாசிரியராக இருந்துவிட்டு, இப்படிச் சுற்றிவரும் செய்திகளைச் சரிபார்க்கும் வேலைக்கு வந்தவன் நான். மாமா எந்தக் கட்சி என்று நீங்கள் சொல்லவில்லை. அது தேவையும் இல்லை. எல்லாக் கட்சிக்கும் இப்படி ஒரு மாமா உண்டு.

மாமாவின் அரசியலை மாற்றும் வேலையை முதலில் கைவிடுங்கள். காதுகுத்துக்கு உங்களை மடியில் வைத்துக்கொண்டவர், நாளைக்கு உங்கள் கல்யாணத்தில் முதல் மரியாதை வாங்கப்போகிறவர், மருமகன் தட்டிய நாலு வரியைப் படித்துவிட்டு நாற்பது வருட ஓட்டை மாற்றிப் போடமாட்டார். நீங்கள் செய்யக்கூடியது சின்ன வேலை. அவர் போட்டதில் சரிபார்க்கக்கூடிய தகவல் ஏதாவது தப்பாக இருந்தால், அதை மட்டும் திருத்துவது. "இந்த ஆட்சி சரியில்லை", "இவரை மாதிரி ஒரு தலைவர் இனி பிறக்கப்போவதில்லை" என்பதெல்லாம் அபிப்பிராயம். தலைவர் படம் போட்ட காலை வணக்கமும் அப்படித்தான். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் பகல் பூராவும் போய்விடும். "இன்ன தேதியில் இன்னார் இப்படிச் சொன்னார்", "இந்த வீடியோ நம்ம ஊரில் எடுத்தது" என்று வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள்.

அதிலும் ஒரு வகைக்கு மட்டும் மரியாதை, நேரம், காலம் எதுவும் பார்க்க வேண்டாம். யாராவது அடிபடக்கூடிய செய்தி. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று வடமாவட்டங்களில் வாட்ஸ்அப்பில் பரவியது. போளூர் பக்கம் கோயிலுக்குக் காரில் வந்த சென்னைக் குடும்பத்தில் ஒரு மூதாட்டி, வழியில் பார்த்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கூடி அடித்ததில் உயிரே போய்விட்டது. அந்த வருடம் நாடு முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்களே சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையை விரித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுச் சுற்றவிட்டிருந்தார்கள்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் கிளம்பின. அவற்றில் ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்களே தங்களுக்குள் மோதிக்கொண்டது, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் போட்ட சண்டை என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். பீகார் அரசு ஒரு குழுவையே இங்கே அனுப்பி விசாரித்துவிட்டுப் போனது. இந்த மாதிரி ஒன்று குரூப்பில் விழுந்தால், உடனே, அங்கேயே, ஒரே வரி: "இது பழைய வீடியோ, போலீஸ் மறுத்திருக்காங்க, யாரும் அனுப்ப வேண்டாம்." மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அப்புறம் சமாதானம் செய்துகொள்ளலாம்.

இதற்கு நேர் எதிர்க்கோடியில், யாரையும் கெடுக்காத பெருமைச் செய்திகள். உலகிலேயே சிறந்த தேசிய கீதம் நம்முடையதுதான் என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்ற செய்தி, வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே மின்னஞ்சலில் சுற்றியது. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று அப்போதே சொல்லிவிட்டது. 2016-இல் புதிய இரண்டாயிரம் ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் சாட்டிலைட் காட்டிக்கொடுத்துவிடும் என்றார்கள். இந்த மாதிரிக்கெல்லாம் விட்டுக்கொடுங்கள். வாரத்துக்கு ஒன்றுக்குத்தான் வாய் திறப்பது என்று வைத்துக்கொண்டால், திறக்கும்போது காது கொடுப்பார்கள்.

உங்கள் கேள்வி உண்மையில் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கூட்டத்தைப் பற்றியது. யாரும் அடிபடப் போவதில்லை, ஆனால் பொய், அதுவும் அரசியலுக்குத் தீனி போடும் பொய். ஒன்றை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம்.

இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்காக வாதாடிய பிரிட்டிஷ் அதிகாரி மெக்காலே பற்றிய ஃபார்வர்டு உங்கள் குரூப்புக்கும் கட்டாயம் வந்திருக்கும். 1835 பிப்ரவரி 2 அன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் மெக்காலே பேசியது என்று தலைப்பு. "இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் போய்வந்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இவர்களுடைய பண்பாட்டின் முதுகெலும்பை உடைத்தால்தான் இந்த நாட்டை வெல்ல முடியும்" என்கிற தோரணையில் ஒரு பேச்சு. கீழே இன்றைய கல்விக்கொள்கையையோ, ஏதோ ஒரு கட்சியையோ திட்டி இரண்டு பத்தி இருக்கும். திட்டு யாருக்கு என்பது அனுப்புகிறவரைப் பொறுத்து மாறும்.

அந்தத் தேதியில் மெக்காலே லண்டனில் இல்லை. 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கி, ஊட்டியில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்க்க மலையேறிப் போய், பிறகு கல்கத்தா போய்ச் சேர்ந்தவர், 1838 வரைக்கும் இந்தியாவில்தான் இருந்தார். 1835 பிப்ரவரி 2 என்ற தேதி மட்டும் நிஜம். அன்றைக்குத்தான் கல்வி பற்றிய புகழ்பெற்ற குறிப்பை அவர் எழுதினார். அந்தக் குறிப்பில் பிச்சைக்காரனும் இல்லை, திருடனும் இல்லை. நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரே ஒரு அலமாரித் தட்டு, இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடு என்று இருக்கிறது. ரத்தத்திலும் நிறத்திலும் இந்தியராக, ரசனையிலும் கருத்திலும் ஆங்கிலேயராக ஒரு வர்க்கத்தை உருவாக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

அதாவது மாமாவின் கோபத்துக்கு ஆதாரம் இருக்கிறது. அவர் கையில் இருக்கும் ஆதாரம்தான் போலி. இப்படி ஒரு இடம் கிடைத்தால் விடாதீர்கள். குரூப்பில் போடாமல், தனியாக, சாயங்காலமாக இப்படி அனுப்பலாம்:

"மாமா, காலைல போட்ட மெக்காலே மெசேஜ் படிச்சேன். அந்த ஆள் மேல உங்களுக்கு இருக்கற கோபம் நியாயம்தான். ஆனா அந்தப் பேச்சு அவர் பேசினது இல்ல மாமா. அன்னிக்கு அவர் கல்கத்தாவுல இருந்தார். அதே தேதியில அவர் எழுதின குறிப்பு ஒண்ணு இருக்கு, நம்மளப் பத்தி இதைவிட மட்டமா எழுதியிருக்கார். அனுப்பட்டுமா, படிச்சுப் பாக்கறீங்களா?"

இதில் "பொய்", "ஃபேக்" என்ற சொற்கள் இல்லை. "வாட்ஸ்அப் யுனிவர்சிட்டி" என்ற நக்கல் இல்லை, சிரிக்கும் பொம்மை இல்லை. மறுக்கும் விஷயமும் ஒன்றே ஒன்றுதான், அவர் அன்றைக்கு அங்கே இல்லை என்பது. ஐந்து தவறைச் சுட்டிக்காட்டினால், ஐந்தில் பலவீனமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாமா இரவு முழுக்க வாதாடுவார். அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்த்த மனிதரிடம் குறிப்பு எழுதிச் சண்டை போட்டு நீங்கள் ஜெயிக்க முடியாது.

அவர் திரும்ப என்ன சொல்வார் என்பதும் ஓரளவு தெரிந்ததுதான். "அப்படியா மாப்ள, யாரோ அனுப்பினாங்க, நானும் போட்டுவிட்டேன்." நம் வீடுகளில் பெரியவர்கள் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு ஒப்புதல் வராது. வந்ததை வாங்கிக்கொண்டு அத்தையின் சுகர் எப்படி இருக்கிறது என்று பேச்சை மாற்றிவிடுங்கள். "இனிமேலாவது பார்த்துப் போடுங்க" என்ற அந்தக் கூடுதல் வரிதான் எல்லாவற்றையும் கெடுப்பது. ஒரு நடைமுறைத் தகவல்: அனுப்பிய மெசேஜை எல்லோருக்கும் சேர்த்து அழிக்க வாட்ஸ்அப் ஏறக்குறைய இரண்டரை நாள் அவகாசம் தருகிறது. அவராகவே அழிக்க வேண்டும் என்றால் அதற்குள் பேசிவிடுங்கள்.

எல்லா ஃபார்வர்டும் மெக்காலே போல முழுப் பொய்யாக இருக்காது. பாதி உண்மையோடு வருவதுதான் கஷ்டம். கோயில் வருமானத்தை அரசாங்கம் எடுத்து வேற்று மதத்தாருக்குச் செலவழிக்கிறது என்று ஒன்று வரும். "எல்லாம் கட்டுக்கதை" என்று ஒரே வீச்சில் நீங்கள் மறுத்தால் தோற்றீர்கள். ஏனென்றால் 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி கோயில்கள் துறைக்குப் பங்களிப்புத் தொகையும் தணிக்கைக் கட்டணமும் கட்டுவது உண்மை. அது நியாயமா, கோயில் நிர்வாகம் அரசிடம் இருக்கலாமா என்பது நல்ல விவாதம். அதில் மாமா ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் நிற்கலாம். அந்தப் பணம் வேறு மதத்துக்குப் போகிறது என்ற வால் மட்டும்தான் ஒட்டு. உண்மையான பகுதியை முதலில் நீங்களே சொல்லிவிட்டு, பிறகு வாலைப் பிடியுங்கள்.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரமும் இதே கதை. எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒரே சின்னத்துக்கு விழுகிறது என்ற செய்தி, தோற்ற கட்சி எதுவோ அதன் பக்கத்திலிருந்து வரும். 2009-இல் தோற்ற பா.ஜ.க. தரப்பு இயந்திரத்தைச் சந்தேகித்தது. 2014-க்குப் பிறகு அந்தச் சந்தேகம் அப்படியே எதிர்முகாமுக்குக் குடிபெயர்ந்தது. மாமா எந்த முகாமாக இருந்தாலும் இந்த வரலாறு உங்களுக்கு உதவும். இயந்திரத்தைத் தணிக்கை செய்வது போதுமா என்று கேட்பது தவறில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றமே, ஒப்புகைச் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்கும் வாக்குச்சாவடிகளை ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தியது. எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024-இல் அது ஏற்கவில்லை. மாமாவிடம் கேட்க நல்ல கேள்வி இது: "மாமா, நீங்க ஓட்டுப் போட்டப்போ அந்தக் கண்ணாடி ஜன்னல்ல ஏழு செகண்ட் சீட்டு தெரிஞ்சிருக்குமே, என்ன சின்னம் இருந்துச்சு?" ஓய்வு பெற்ற அரசு ஊழியர் என்றால் தேர்தல் பணியே பார்த்திருப்பார். அவரை விளக்கவிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். பல நேரம் அந்த ஃபார்வர்டை அவரே உடைத்துவிடுவார்.

சரிபார்ப்புத் தளங்களின் லிங்க்கைத் தூக்கிப்போடும் பழக்கம் இளைஞர்களுக்கு உண்டு. என் தொழிலே அதுதான் என்றாலும் சொல்கிறேன், மாமாவிடம் அது எடுபடாது. மத்திய அரசுக்கு 2019 முதல் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் (பி.ஐ.பி.) சரிபார்ப்புப் பிரிவு இருக்கிறது. தமிழக அரசு 2023-இல் தன் பங்குக்கு ஒன்றைத் தொடங்கியது. முதலாவதை ஒரு பாதி நம்பாது, இரண்டாவதை மறுபாதி நம்பாது. அரசாங்கமே தன்னைப் பற்றிய செய்தியைப் பொய் என்று முத்திரை குத்தலாமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போய், மத்திய அரசின் சரிபார்ப்புப் பிரிவுக்கு வழிசெய்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே சந்தேகப்படும் மாமாவை முட்டாள் என்று நினைக்க வேண்டாம். லிங்க்குக்குப் பதிலாக மூலத்தைக் காட்டுங்கள். மெக்காலேயின் குறிப்பு, ரிசர்வ் வங்கியின் அறிக்கை, தீர்ப்பின் பக்கம். அவருடைய கட்சி ஆளும் மாநிலத்தின் போலீஸே மறுத்திருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

படம், வீடியோ என்றால் இன்னும் எளிது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, அவருடைய போனிலேயே கூகுள் லென்ஸைத் திறந்து, படத்தை எப்படித் தேடுவது என்று காட்டிக்கொடுங்கள். முதலில் அரசியல் படம் வேண்டாம். தோட்டத்துச் செடியின் பெயர் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். பழகிவிட்டால் மற்றது தானாக வரும். ஃபார்வர்டின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்பதையும் சொல்லிவையுங்கள். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020-இல் வாட்ஸ்அப்பே கட்டுப்பாடு போட்டது. மாமாவின் போனில் ஏன் "போகமாட்டேங்குது" என்பதற்கு விளக்கம் இதுதான்.

இதற்கெல்லாம் பலன் உண்டா? உண்டு, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. அரசியல் ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் 2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் பீகாரில் ஒரு பரிசோதனை செய்தார். பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஆட்களுக்கு நேரிலேயே ஒரு மணி நேரம் பாடம் எடுத்துப் பார்த்தார்கள். ஒட்டுமொத்தமாக எடுத்துக்கொண்டால் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. பிறகு அவரும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து, சாட்டில் சக ஆள் ஒருவர் "இது உண்மை இல்லப்பா" என்கிற மாதிரி மறுப்பதைக் காட்டிச் சோதித்தார்கள். அதற்குப் பலன் இருந்தது. அந்த மறுப்பில் ஆதாரம், லிங்க் என்று கனமாக இருந்ததா என்பது அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை. யாரோ ஒருவர் மறுத்தார் என்பதே படித்தவர்களின் நம்பிக்கையைக் குறைத்தது.

இதை உங்கள் குரூப்புக்குப் பொருத்திப் பாருங்கள். அங்கே பேசுவது மாமாவும் நீங்களும்தான். சித்தி, ஒன்றுவிட்ட அண்ணன், கல்லூரியில் படிக்கும் தங்கை எல்லோரும் எதுவும் சொல்லாமல் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மாமாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். இவர்களுக்காக எப்போதாவது குரூப்பிலும் ஒரு வரி வேண்டும். மாமாவிடம் முதலில் தனியாகப் பேசிவிட்டு, "நானும் மாமாவும் பேசிட்டிருந்தோம், அந்த மெக்காலே மெசேஜ் சரியில்லையாம்" என்று போட்டால் அவர் முகமும் கெடாது, சித்திக்கும் விஷயம் போய்ச் சேரும். இன்னொன்று, இதுதான் உங்களுக்குக் கசக்கும். உங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்யை அண்ணன் போட்டால், அதையும் அதே குரூப்பில், அதே தொனியில் மறுக்க வேண்டும். அப்படி ஒருமுறை செய்து காட்டுங்கள். அதற்கு முன்பு நீங்கள் எழுதியதையெல்லாம் கட்சிக்காரன் பேச்சு என்று ஒதுக்கியவர்கள் அதன்பிறகு படிப்பார்கள்.

ஒரு சாதியையோ மதத்தையோ பெண்களையோ கேவலப்படுத்தும் ஃபார்வர்டு வந்தால் தகவல் சரியா தப்பா என்ற பேச்சே வேண்டாம். "நான் எழுதவில்லை, ஃபார்வர்டுதான் பண்ணினேன்" என்ற பதில் சட்டத்தில் நிற்காது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018-இல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகர், படிக்காமல் பகிர்ந்ததாகச் சொல்லிப் பதிவை நீக்கி மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் வழக்கை ரத்து செய்ய 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் மறுத்தது, உச்ச நீதிமன்றமும் மறுத்தது. 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இதை மாமாவிடம் மிரட்டலாகச் சொல்லாதீர்கள். "பென்ஷன் வாங்கற நேரத்துல போலீஸ் ஸ்டேஷன் அலைச்சல் எதுக்கு மாமா" என்று அத்தை காதிலும் விழும்படி சொன்னால் போதும்.

குரூப் அட்மின் என்பதால் தன்னையும் பிடிப்பார்களோ என்று அம்மா பயந்தால் சொல்லுங்கள், யாரோ போட்டதற்கு அட்மினைப் பிடித்து உள்ளே வைத்துவிடமாட்டார்கள். உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அட்மின் என்ற முறையில் அவரால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரசியலுக்கென்று தனியாக ஒரு குரூப் தொடங்கி, விருப்பமுள்ளவர்களை மட்டும் அதில் சேர்த்து, அதற்கு மாமாவையே அட்மினாகப் போடச் சொல்லுங்கள். தங்கை சொன்னால் அண்ணன் தட்டமாட்டார். நீங்களும் அதில் சேர்ந்துகொள்ளுங்கள், வெளியே நின்றுவிட வேண்டாம்.